எனக்கு மட்டும் கொதித்த வண்டி

பம்பாயில் செம்பூர் தாண்டி, டிராம்பே போகிற ரோடு நேராக நீள்கிற இடத்தில்தான் அது முதல் தடவை கொதித்தது. காலை வேளை. எதிரே பஸ் இல்லை, லாரி இல்லை. மீட்டரில் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டு நிற்பதை நான் கவனித்தபோது, முன்பக்கத்து மூடியிலிருந்து ஆவி பின்னால் பறந்து கண்ணாடியில் படிய ஆரம்பித்திருந்தது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி, பானெட்டின் ஒரு பக்கத்தை மடித்துத் தூக்கினேன். உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எதுவும் உடைந்திருக்கவில்லை, ஒழுகவில்லை, பெல்ட் அறுந்திருக்கவில்லை. உப்பளங்களின் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஆறுகிற வரைக்கும் ரோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தேன். பிறகு பக்கத்துச் சாயாக்கடையிலிருந்து ஒரு டப்பா தண்ணீர் வாங்கி ஊற்றிக் கிளப்பினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

வண்டி என் கணவருடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சீமை வண்டி, பாசிப் பச்சை நிறம், மேலே துணிக் கூரை, பின்னால் முதுகில் கட்டின மாதிரி ஒரு ஸ்பேர் சக்கரம். யுத்தம் முடிந்த கையோடு செய்தது. அவருடைய கம்பெனியில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போனது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர் அதை வாங்கியிருந்தார். கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், மாதுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களைச் சுற்றிச் சுற்றி வந்து எனக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அறுபதுகளின் நடுவில் கம்பெனி அவரை ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. ஒரு வருஷம் என்றுதான் பேச்சு.

போவதற்கு முன் வண்டியை ஒரு பட்டறையில் விட்டு டயர், பிரேக், பெல்ட், ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். "உனக்கு ஒரு கஷ்டமும் வரக் கூடாது. வாரத்துல ஒரு நாள் கிங் சர்க்கிளைச் சுத்தி ஓட்டிட்டு வந்து நிறுத்து, பேட்டரி செத்துப்போகாம இருக்கும், போதும்" என்றார். வேலைக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிராம்பேயில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாதுங்காவில் பஸ் க்யூ மார்க்கெட் வரைக்கும் வளைந்து நின்றது. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி நடந்து, சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அதற்குப் பிறகு அந்த க்யூவுக்கு நான் போகவில்லை.

அந்த வருஷம் என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. மாதுங்காவில் மாடியில் மூன்று அறைகள். மாமனார், மாமியார், நான். சாப்பிட்டு முடிந்ததும் பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். கையில் எடுத்த பின்னல் வேலையை ஐந்து நிமிஷத்தில் கீழே வைப்பேன். ரேடியோவில் நல்ல கச்சேரி நடக்கும்போது நடுவில் எழுந்து போய்த் துணி மடிப்பேன். "ஏண்டி இப்படி இருப்புக்கொள்ளாம அலையறே? உக்காரேன்" என்பாள் மாமியார். உட்காருவேன். அவள் திரும்புவதற்குள் எழுந்திருப்பேன். காலையில் வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினால்தான் என் கால்கள் கொஞ்சம் அமைதியாகும்.

முதல் தடவை கொதித்ததை வீட்டில் சொன்னேன். மாமனார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நீராவி எஞ்சின்களின் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர். தண்ணீரும் நெருப்பும் அவருடைய விஷயம். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"தண்ணி பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. கிளம்பும்போது முழுக்க இருந்தது."

"பொம்மனாட்டிகள் வண்டி ஓட்டறச்சே கியரை மாத்த பயந்துண்டு முதல் கியர்லயே உருட்டிண்டு போவா. அப்படிப் போனா எந்த எஞ்சினும் கொதிக்கும். கியரை மாத்தி, கொஞ்சம் தைரியமா ஓட்டு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே ஓட்டிப் பார்த்தார். தாதர் வரைக்கும் போய், மாஹிம் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் பஸ், ஜனம், விக்டோரியா குதிரை வண்டிகள். முள் நடுவில் நின்றது நின்றபடியே இருந்தது. வாசலில் நிறுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. எனக்குத்தான் அந்தச் சிரிப்பு நாள் முழுக்க மனசை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம் மறுபடி கொதித்தது. பிறகு சில நாள் கொதிக்கவில்லை. மீண்டும் ஒரு நாள் கொதித்தது. எல்லாமே காலையில். சாயங்காலம் திரும்பும்போது ஒரு தடவைகூட இல்லை. பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவளுக்கு இது பொறுக்காது. ஒரு கரைசல் ஒரு நாள் ஒரு நிறமும் மறுநாள் வேறு நிறமும் காட்டினால், ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று அர்த்தம். என்ன மாறுகிறது? காலையில் கடல் பக்கத்துக் காற்று எதிர்க்காற்றா? சயானில் போடுகிற பெட்ரோலில் ஏதாவது கலப்படமா? முதல் நாள் இரவு பூராவும் பனியில் நிற்பதா? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். வேறு பங்க்கில் பெட்ரோல் போட்டேன். தார்ப்பாய் வாங்கி மூடினேன். அது தன் இஷ்டப்படி கொதித்தது, தன் இஷ்டப்படி சும்மா இருந்தது.

கூட வேலை செய்கிற ஒருவர் தாராவியில் வண்டி ரிப்பேர் செய்கிற ஒரு மிஸ்திரியைப் பற்றிச் சொன்னார். சயான் பக்கத்திலிருந்து தாராவிக்குள் நுழைகிற இடத்தில் தகரக் கொட்டகை. லாரியும் டாக்ஸியும்தான் அதிகம் வரும். மிஸ்திரிக்கு நாற்பது வயது இருக்கும், திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஊர்க்காரர், கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. நான் வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்தியதும், என்னிடம் பேசுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இந்த மாதிரி வண்டிய நான் தொட்டதே இல்லம்மா. அதை முதல்லயே சொல்லிப்புடுதேன். ஆனா தண்ணி ஓடுத வழி எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான்" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. கொதிக்கிற விவரத்தைச் சொன்னேன். அவர் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். ரப்பர் குழாய்களைத் தொட்டபோது நான், "அதெல்லாம் புதுசு மிஸ்திரி. என் வீட்டுக்காரர் ஊருக்குப் போறதுக்கு முன்னாடிதான் மாத்தினார்" என்றேன். கீழ்க் குழாயைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார், கெட்டியாக இருந்தது, விட்டுவிட்டார். எஞ்சின் சூடேறினால் திறந்து தண்ணீரை விடுகிற சின்ன வால்வு ஒன்று உண்டு. அது சில சமயம் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, அதைக் கழற்றி எடுத்தார். மாஹிம் வரைக்கும் ஓட்டிப் போய்வந்தார். கொதிக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து எனக்குக் கொதித்தது.

திரும்பவும் கொண்டுபோனேன். ரேடியேட்டரையே கழற்றி இறக்கி, உள்ளே அடைத்திருந்த துருவையும் சேற்றையும் குத்தி எடுத்து, திரும்ப மாட்டினார். மாஹிம் போய்வந்தார். கொதிக்கவில்லை. அதற்கடுத்த வாரம் எனக்குக் கொதித்தது. மூன்றாவது முறை வாட்டர் பம்பைப் பிரித்து, உள்ளே இருக்கிற சக்கரம் தண்டில் வழுக்குகிறதா என்று பார்த்தார். வழுக்கவில்லை. அன்றைக்கு அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒங்க கையில குடுத்தாத்தான் கொதிக்கிது. என் கையில கொதிக்க மாட்டேங்குது. நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க."

"நான் பொய் சொல்றேன்னு நினைக்கறேளா?"

"அப்படி நெனப்பனாம்மா? கொதிச்ச தண்ணி பானெட் பூரா தெறிச்சு கறையா கெடக்கே, கண்ணு தெரியுதுல்லா எனக்கு."

அவராவது நம்பினார். ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது. கண்டுபிடிக்க முடியாததைவிட, நான் இல்லாதபோது அது ஒழுங்காக இருப்பதுதான் என்னைத் தின்றது. சித்திரை வெயில் தொடங்கியிருந்தது. வேலைக்குக் கிளம்பினால் முள்ளைப் பார்ப்பதா ரோட்டைப் பார்ப்பதா என்று தெரியாமல் ஓட்டினேன். இருந்த ஒரே அமைதியும் போய்விட்டது.

அப்போதுதான் ஜெர்மனியிலிருந்து நீலக் காகிதத்தில் கடிதம் வந்தது. பயிற்சியை இன்னும் ஆறு மாசம் நீட்டியிருக்கிறார்கள், நல்ல வாய்ப்பு, வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார். வண்டி தொந்தரவு கொடுக்கிறது என்று அப்பா எழுதியிருந்தார், யாராவது கேட்டால் விலைக்குக் கொடுத்துவிடுங்கள், வந்ததும் வேறு பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி. எல்லோருக்கும் பொதுவான கடிதம், மாமியார் சத்தமாகப் படித்தாள். ஆறு மாசம் என்ற இடத்தில் அவள் குரல் கொஞ்சம் தேய்ந்தது. நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போனேன். அடுப்பில் பால் இல்லை.

மறுநாள் காலை செம்பூர் நாக்கா நாற்சந்தியைத் தாண்டியதும் வண்டி கொதித்தது. ரோட்டில் நடந்துகொண்டு அது ஆறுவதற்குக் காத்திருந்தபோது எனக்கு முதல் முறையாகக் கண்ணில் நீர் வந்தது. வண்டிக்காகவா அவருக்காகவா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மாமனார் தாமதிக்கவில்லை. செம்பூரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு சிந்தி இளைஞர் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க வந்தார். நல்ல பையன். வண்டியைப் பார்த்ததும் கண்ணில் வெளிச்சம் வந்தது. மாமனார் பக்கத்தில் உட்கார, கிங் சர்க்கிளைச் சுற்றி, சயான் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கியதும் அவர் முள்ளைக் காட்டி, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று ஹிந்தியில் சொன்னார். மாமனார் தலையாட்டினார்.

"கர்ம் ஹோதா ஹை" என்றேன் நான். சூடாகும்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. டிராம்பே ரோட்டில் கொதிக்கிறது, மூன்று முறை பட்டறையில் பார்த்தாகிவிட்டது, காரணம் தெரியவில்லை என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் முழுவதையும் சொன்னேன். அந்த இளைஞர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். காரணம் தெரிந்ததும் சொல்லியனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் மாடிப்படி ஏறினார். உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"சொல்லத்தான் வேணும். அது நியாயம். நானே சொல்லியிருக்கணும்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஆனா நீ நியாயத்துக்காகச் சொன்னாப்பல எனக்குப் படலை" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டிருந்தது. அந்த வண்டியை விற்றுவிட்டால் காலையில் நான் எங்கே போய் உட்காருவேன்?

அந்த வாரம் பரிசோதனைக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். கொதிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க வேண்டுமானால், கொதிக்கும்போதே பார்க்க வேண்டும். இறக்கி வைத்து ஆறிய பிறகு பார்த்தால் அதில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். வண்டியை இதுவரை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. கொதித்த உடனே நான் எஞ்சினை அணைத்துவிடுகிறேன், அதற்குப் பிறகுதான் பானெட்டைத் திறக்கிறேன். மிஸ்திரியோ கொதிக்காத வண்டியைத்தான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். லஞ்ச் நேரத்துக்கு மேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"மிஸ்திரி, என்னோட வாங்கோ. கொதிக்கற எடத்துக்கே போவோம்" என்றேன்.

அவர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். தலையை மட்டும் வெளியே நீட்டி, என்னையும் வண்டியையும் பார்த்தார். ஒரு பொம்பளை பக்கத்தில் உட்கார்ந்து போவதா என்ற யோசனை அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு, சீட் அழுக்காகாமல் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார்.

பகல் நேரம், செம்பூர் வரைக்கும் நெரிசல். முள் அசையவில்லை. நாக்கா தாண்டியதும் முன்னால் ஒரு டாங்கர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் அதன் பின்னாலேயே போனேன்.

"தெனமும் இப்படித்தான் போவீங்களாம்மா?" என்றார்.

"லாரி இருந்தா இப்படி."

"இல்லன்னா?"

இத்தனை மாசத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. புடவை கட்டின பெண் மெதுவாகத்தான் ஓட்டுவாள் என்று மாமனார் நினைத்திருந்தார். மிஸ்திரியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நானும் அதை ஒரு விஷயமாக எண்ணவில்லை. நேரான ரோடு கிடைத்தால் மிதிப்பேன், அது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி.

"காட்டட்டுமா?"

"காட்டுங்க."

டாங்கரைத் தாண்டினேன். ரோடு காலியாக இருந்தது. காலை முழுக்க அழுத்தினேன். துணிக் கூரை படபடத்தது. வேகமுள் அறுபது மைலைத் தாண்டிப் போயிற்று. மிஸ்திரி ஒரு கையால் கதவையும் ஒரு கையால் சாக்கையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் சூடு காட்டுகிற முள்ளின் மேலேயே இருந்தது. முதலில் நடுவில் நின்றது, மெல்ல நகர்ந்தது, பிறகு யாரோ தள்ளிவிட்ட மாதிரி மேலே ஏறியது.

"நிப்பாட்டுங்க. அணைச்சிராதீங்க" என்றார்.

சாவிக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன். அணைக்காமல் பார்க்கத்தான் நான் அவரைக் கூப்பிட்டிருந்தேன், ஆனாலும் என் கை பழக்கத்தில் அங்கேதான் போயிற்று. கொதிக்கிற எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுலபமில்லை. ஆவி சீறுகிற சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. மிஸ்திரி பானெட்டைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். சற்று நேரம் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலயே" என்றார்.

"இப்ப மெதுவாத்தானே ஓடறது. மிதிக்கட்டுமா?" என்றேன்.

"மிதிங்க."

மிதித்தேன். எஞ்சின் கத்தியது. மிஸ்திரி இன்னும் கீழே குனிந்தார், மண்டியிட்டார், பிறகு கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். விட்டேன். மறுபடி மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். இப்படி மூன்று நாலு தடவை. அப்புறம் அவர் எழுந்து என்னிடம் வந்தார். முகத்தில் வேர்வை.

"எறங்கி வந்து பாருங்க. நீங்களும் பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்."

நான் இறங்கிப் போய் ரோட்டிலேயே குந்தினேன். அவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த கம்பியைக் கையால் இழுத்து வேகத்தைக் கூட்டினார். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகிற கீழ்க் குழாய், கெட்டியாக உருண்டையாக இருந்த அந்தப் புதுக் குழாய், என் கண் முன்னால் ஒட்டிப்போயிற்று. உள்ளே யாரோ காற்றை உறிஞ்சின மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அவர் கம்பியை விட்டதும் ஒரு சின்னச் சத்தத்தோடு பழையபடி உருண்டு நின்றது.

"இன்னொரு தடவை" என்றேன். இழுத்தார். ஒட்டியது. விட்டார். உருண்டது.

பிறகுதான் அணைத்தோம். ரோட்டோரத்தில் ஒரு கல்லில் அவர் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் விளக்கினார். பம்பு வேகமாகச் சுற்றும்போது கீழ்க் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். குழாய் சூட்டில் இளகியிருந்தால் அந்த இழுப்புத் தாங்காமல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வருகிற வழி அடைபடும், எஞ்சின் கொதிக்கும். வண்டியை நிறுத்தினால் இழுப்பு நின்றுவிடும், குழாய் திரும்பவும் நிமிர்ந்துவிடும். மெதுவாகப் போனால் இது நடக்காது. சாயங்காலம் பஸ்ஸும் லாரியுமாக நெரிசல், நான் வேகமாகப் போக முடியாது, அதனால் கொதிக்காது.

"இது ஒட்டாம இருக்க உள்ள ஒரு கம்பிச் சுருள் இருந்திருக்கணும். சீமைக் குழாயில இருந்திருக்கும். புதுசு போட்டவன் சுருளை எடுத்து வைக்காம பழச தூக்கிப் போட்டிருக்கான். ரேடியேட்டரை எறக்கும்போது என் கையாலதான் இந்தக் குழாயக் கழட்டி மாட்டுனேன். புதுசுன்னு நீங்க சொன்னீங்க, நானும் உள்ள பாக்கல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்குக் கஷ்டம் வரக் கூடாது என்று என் கணவர் நின்று மாற்றச் சொன்ன குழாய். அவர் எந்தப் பட்டறைக்குப் போனார் என்றுகூட எனக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். மிஸ்திரி கொஞ்சம் யோசித்தார்.

"அவர் மேல தப்பு இல்லம்மா. அவர் இவ்வளவு வேகம் போயிருக்க மாட்டார்" என்றார். அப்போது நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

குர்லாவில் பழைய சாமான் கடைகளில் தேடி, ஒரு லாரிக் குழாயிலிருந்து எடுத்த சுருளை அவர் வாங்கி வந்தார். நீளம் குறைத்து, துருவைத் தேய்த்து, குழாய்க்குள் திருகி ஏற்றினார். முதலில் கழற்றின வால்வையும் பழைய இடத்தில் வைத்தார். இந்த முறை மாஹிம் போகவில்லை. "நீங்களே போய்ட்டு வாங்க" என்று சாவியை என்னிடம் கொடுத்தார். டிராம்பே ரோட்டில் காலை மிதித்தபடி போனேன், முள் நடுவைத் தாண்டவில்லை. ரோடு முடிகிற இடத்தில் திருப்பி மறுபடி மிதித்துக்கொண்டு வந்தேன். கொட்டகையில் நுழைந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரை அழைத்துக்கொண்டு போனேன். அவருக்குச் சுருளைப் பற்றிச் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார். லோகோவில் இதே மாதிரி ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு என்று சயான் வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். செம்பூர் தாண்டி நான் மிதித்ததும் பேச்சு நின்றது. வேட்டி நுனியை முழங்காலுக்கு அடியில் இறுக்கி வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். திரும்பும் வழியில், மாதுங்கா ஸ்டேஷன் வந்த பிறகு, "தினம் இவ்வளவு வேகமாவா போறே?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா, ரோடு காலியா இருந்தா."

"அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்" என்றார். பிறகு, "அந்த சிந்திப் பையனுக்குச் சொல்லியனுப்பட்டுமா? இப்போ காரணம் தெரிஞ்சாச்சே" என்றார்.

"வேண்டாம்."

"சரி" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அன்று மத்தியானம் என் கணவருக்கு நான் தனியாகக் கடிதம் எழுதினேன். வண்டியை விற்கப் போவதில்லை என்று எழுதினேன். குழாய் விஷயத்தையும் எழுதினேன். ஆறு மாசம் எனக்கு ரொம்ப அதிகம் என்றும் எழுதினேன். அதுவரை அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை நான் அவருக்கு எழுதியதில்லை.

பதிலில் அவர் சுருளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வருத்தப்பட்டிருந்தார். ஆறு மாசத்தை நாலாகக் குறைக்கக் கேட்டுப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். கேட்டாரோ என்னவோ, தீபாவளிக்குப் பிறகுதான் வந்தார். சாந்தா குரூஸ் விமான நிலையத்துக்கு நான்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். பெட்டிகள் வண்டியில் அடங்காமல் ஒரு டாக்ஸியில் மாமனாரோடு பின்னால் வந்தன. பாதி வழியில் என் கணவர், "இங்கே பசங்க குறுக்கே ஓடுவா, கொஞ்சம் மெதுவாப் போ" என்றார். மெதுவாகத்தான் போனேன். ஒன்றரை வருஷத்தில் இளைத்திருந்தார். அவர் கையை கியர்க் கம்பிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வந்தார், நான் கியர் மாற்றும்போதெல்லாம் என் கை அதன் மேல் பட்டது.

அதற்குப் பிறகும் வண்டி இரண்டு வருஷத்துக்கு மேல் எங்களிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஓட்டுவார், மற்ற நாட்களில் நான். மகள் பிறந்த பிறகு மூன்று பேர் அதில் உட்கார முடியாது என்று பூனாவிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்தோம். அவரிடம் மறைக்க எதுவும் இருக்கவில்லை. அவர் ஓட்டிக்கொண்டு போன அன்று நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனியில் நடந்துகொண்டிருந்தேன். குழந்தை அழுததால் நடக்கிறேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அது அப்போதே தூங்கியிருந்தது.

மறுபடி வேலைக்குப் போனபோது பஸ்தான். ஜன்னலோரத்து இடம் கிடைத்தாலும் எனக்கு உட்காரப் பிடிக்காது. செம்பூர் நாக்கா தாண்டியதும் எழுந்து முன்பக்கத்துக்குப் போய், டிரைவரின் முதுகுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கண்டக்டர் முதலில் இரண்டொரு தடவை, இடம் இருக்கிறதே, உட்காருங்கள் என்று மராத்தியில் சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார்.